இலைதானே, என்ன செஞ்சிடும்?

குழந்தைகளின் சளி, இருமல் பற்றி நான் எப்போது எழுதினாலும் உள்பெட்டியில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும்.

"டாக்டர், எங்க வீட்டு நாய்க்கும் இருமலா இருக்கு. ஓமவல்லிச் சாறு கொடுக்கலாமா?"

அதன் பின்னாலேயே வரிசையாக வரும். "புதினா கொடுத்தா வாய் நாத்தம் போகுமா?" "பூண்டு கொடுத்தா வயித்துப் புழு செத்துடுமாமே?" "மஞ்சள் பால் தரலாமா?" "துளசித் தண்ணி?"

கேள்விகள் வேறு வேறு. அடியில் ஓடும் எண்ணம் ஒன்றுதான். இலைதானே, நாமளும் திங்கிறதுதானே, என்ன செஞ்சிடும்?

இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம். கொஞ்சம் நீளமான இழை. நாய் வளர்ப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். வளர்க்காதவர்களும் படிக்கலாம். நம் உடம்புக்கும் இதில் சேதி இருக்கிறது.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். கால்நடை மருத்துவர் அல்ல. எனவே நான் எழுதுவது உங்கள் புரிதலுக்காக மட்டும். உங்கள் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அதைத் தொட்டுப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்:

சோற்றில் வாசனைக்குக் கிடக்கும் இலைகள் பெரும்பாலும் நாயை ஒன்றும் செய்வதில்லை. அதே இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் பறித்து, சாறு பிழிந்து, "மருந்து" என்று தினமும் புகட்டினால் பிரச்சினை தொடங்குகிறது. நம் சமையலறையில் நாய்க்கு நிஜமான ஆபத்து எந்தக் கீரையிலும் இல்லை. வெங்காயத்திலும் பூண்டிலும்தான் இருக்கிறது.

இனி விளக்கம்.

"இயற்கையானது கெடுதல் செய்யாது" என்பது நம் ஊரில் ரொம்ப நாளாக உலவும் நம்பிக்கை. அரளி விதையும் இயற்கைதான். நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த எந்த மருத்துவரையும் கேளுங்கள், அது இதயத்தை என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்.

ஒரு செடியில் இருப்பது ரசாயனம். மாத்திரையில் இருப்பதும் ரசாயனம். உடம்பு இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். "இது தோட்டத்திலிருந்து வந்தது, இதற்குச் சலுகை கொடுப்போம்" என்று கல்லீரல் நினைப்பதில்லை.

அடுத்து, நமக்கு ஒத்துக்கொள்வது நாய்க்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோரும் போட்டுக்கொள்வது. அதே மாத்திரை பூனைக்கு எமன். அந்த மருந்தைக் கழிவாக்கி வெளியேற்றும் நொதி வேலை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நாய்க்கும் அளவு மீறினால் கல்லீரலும் ரத்தமும் கெடும். சாக்லேட்டும் அப்படித்தான். அதிலுள்ள தியோப்ரோமினை நம் உடம்பு நாயைவிட வேகமாகக் கழித்துவிடும். நாயின் உடம்பு அதை ரொம்ப மெதுவாகத்தான் வெளியேற்றும். அதனால் நமக்குத் தின்பண்டம், அதற்கு வலிப்பு.

ஆகவே எந்த இலையானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது? எவ்வளவு கொடுக்கிறோம்? எத்தனை நாள் கொடுக்கிறோம்? எந்த வடிவில் கொடுக்கிறோம்: இலையாகவா, சாறாகவா, பொடியாகவா, எண்ணெயாகவா?

இப்போது நம் அடுக்களையை ஒரு சுற்று வருவோம்.

கொத்தமல்லி. பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஏஎஸ்பிசிஏ என்று ஒரு பழைய விலங்குநல அமைப்பு இருக்கிறது. விலங்குகளுக்கான நச்சுக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றையும் நடத்துகிறது. எந்தச் செடி நச்சு, எது இல்லை என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் கொத்தமல்லி "நச்சற்றது" என்ற பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா கொத்தமல்லி ஆய உட்கார்ந்தால் எங்கள் நாயும் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ரெண்டு தண்டு அதற்கு. அதற்கு மேல் அம்மாவும் தர மாட்டார், அதுவும் கேட்காது.

கறிவேப்பிலை. சாதத்தில் ஒன்றிரண்டு கிடந்தால் எடுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. நாம் ஒதுக்கிவைக்கும் இலையை மொத்தமாகச் சேர்த்து அதன் தட்டில் கொட்ட வேண்டாம், அவ்வளவே.

துளசி. இதன் நெருங்கிய சொந்தமான திருநீற்றுப்பச்சிலை வகை அதே பட்டியலில் நச்சற்றது என்று இருக்கிறது. தொட்டியில் வளரும் துளசியில் ரெண்டு இலையை நாய் கடித்துவிட்டால் டாக்டரைத் தேடி ஓட வேண்டாம்.

இப்போது பீட்சா கடை தயவில் நம் வீட்டுக்கும் வந்துவிட்ட ரோஸ்மேரி, தைம் இரண்டும் நச்சற்ற பக்கம். ஓரிகானோவும் பார்ஸ்லியும் நச்சு என்ற பக்கம். ஒரு சிட்டிகையில் ஒன்றும் ஆகாது. அளவு கூடினால் ஓரிகானோ வயிற்றைக் கலக்கும். பார்ஸ்லி பெரிய அளவில் உள்ளே போனால் வெயில் பட்ட தோல் புண்ணாகலாம்.

புதினா. இதுவும் நச்சுப் பட்டியலில்தான் இருக்கிறது. உடனே பதற வேண்டாம். சட்னியிலிருந்து ஒரு இலை எடுத்து நக்கினால் எதுவும் இல்லை. கட்டுப் புதினாவை நிறையத் தின்றால் அதிலுள்ள வாசனை எண்ணெய் வாந்தி, பேதியைக் கொண்டுவரும். அப்புறம், வாய் நாற்றத்துக்குப் புதினா மருந்தல்ல. நாயின் வாய் நாறுகிறது என்றால் பெரும்பாலும் பல்லில் காறை, ஈறில் சீழ். அதை இலை போட்டு மறைப்பது, சாக்கடையில் ஊதுவத்தி கொளுத்துவது மாதிரி. பல்லைக் காட்டுங்கள்.

ஓமவல்லி என்கிற கற்பூரவல்லி. இங்கேதான் நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி என்றால் முதலில் தேடுவது இந்த இலையைத்தான். ஆனால் ஏஎஸ்பிசிஏ பட்டியலில் இது நாய், பூனை இரண்டுக்கும் நச்சு. இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனைதான் காரணம். கார்வக்ரால், தைமால் போன்ற எண்ணெய்கள். வாந்தி, பேதி, சோர்வு, சாப்பாடு பிடிக்காமை, சில சமயம் வாந்தியிலோ மலத்திலோ ரத்தம். ஆகவே நாய்க்கு ஓமவல்லிச் சாறு வேண்டாம். இருமும் நாய்க்கு நுரையீரல் தொற்று இருக்கலாம், இதயக் கோளாறு இருக்கலாம். சாறு இரண்டையும் சரி செய்யாது. டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளி மட்டும் போடும்.

எலுமிச்சைப்புல், கற்றாழை. இரண்டும் நச்சுப் பட்டியல். கற்றாழையை வெட்டினால் வழியும் மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. "சூட்டுக்கு நல்லது" என்று நாய்க்குக் கற்றாழைச் சோறு ஊட்டாதீர்கள். பேதியாகி உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகு சூடு இன்னும் ஏறத்தான் செய்யும்.

மஞ்சள், இஞ்சி. சமையலில் சேரும் அளவில் ஒன்றும் செய்யாது. மஞ்சள் பால் என்றால் பிரச்சினை மஞ்சளில் இல்லை, பாலில். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. வயிறு கழியும்.

பிரியாணி இலை, பட்டை, கிராம்பு. முழு இலை செரிக்காமல் குடலில் நிற்கக் கூடும். பொறுக்கி எடுத்துப் போடுங்கள். ஜாதிக்காயைக் கையெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள மிரிஸ்டிசின் அதிக அளவில் நாய்க்கு நடுக்கத்தையும் மனக் குழப்பத்தையும் தரும்.

கவனித்தீர்களா? ஒரே பட்டியலில் புதினாவும் "நச்சு", வெங்காயமும் "நச்சு". இரண்டுக்கும் ஒரே முத்திரை. ஆனால் புதினா வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். வெங்காயம் ரத்தத்தை உடைக்கும். இணையத்தில் பட்டியல் மட்டும் பார்ப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். சிலர் புதினாவுக்குப் பயந்து தூக்கம் தொலைக்கிறார்கள். சிலர் "புதினாவுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று வெங்காயத்தையும் சேர்த்து அலட்சியம் செய்கிறார்கள்.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றின் காரத்துக்கும் வாசனைக்கும் காரணம் கந்தகச் சேர்மங்கள். இவை ரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன.

எப்படி என்று எளிமையாகச் சொல்கிறேன்.

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது. பிராணவாயுவைச் சுமப்பது அதுதான். ஆக்சிஜனேற்றம் என்று ஒரு வேதிவினை உண்டு. இரும்பு துருப்பிடிப்பதும் அதுவே. கந்தகச் சேர்மங்கள் ஹீமோகுளோபினை அப்படித் துருப்பிடிக்க வைக்கின்றன. கெட்டுப்போன ஹீமோகுளோபின் உருண்டையாகத் திரண்டு சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 1890-இல் இதை விவரித்த ராபர்ட் ஹெயின்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் அவற்றை ஹெயின்ஸ் உருண்டைகள் என்கிறோம். இப்படிக் குறைபட்ட அணுக்களை உடம்பே பிடித்து உடைத்துப் போட்டுவிடும். புதிதாக உற்பத்தியாவதைவிட உடைவது அதிகமானால் ரத்தசோகை.

நமக்கு ஏன் இப்படி ஆவதில்லை? நம் சிவப்பணுவுக்குள் துருவைத் தடுக்கும் காவல்காரர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். நாயின் அணுவில் அந்தக் காவல் பலவீனம். கேட்டலேஸ் என்ற காவல் நொதி குறைவு. பூனைக்கு இன்னும் மோசம்.

மனிதரிலும் இதே கதை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் போன்ற சில மருந்துகள் சிவப்பணுக்களை உடைத்துவிடும். துணி அலமாரியில் போடும் அந்துருண்டையில் நாஃப்தலின் இருந்தால் அதுவும் உடைக்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருப்பாகப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அதே மருந்து ஒன்றும் செய்திருக்காது. "எல்லாருக்கும் ஒத்துக்குது, இவனுக்கு மட்டும் ஏன்?" என்று பெற்றோர் கேட்பார்கள். காவல்காரன் இல்லாத வீடு, அவ்வளவுதான்.

அந்த வகையில், வெங்காயத்தின் முன்னால் ஒவ்வொரு நாயும் காவல்காரன் இல்லாத வீடு.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாலு வீடு தள்ளி ஒரு ஆச்சி. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் ஆச்சியும் ஒரு வெள்ளைப் பொமரேனியனும் மட்டும். ஆறு கிலோ இருக்கும். பேர் முத்து. ஆச்சி தூங்கினால் அதுவும் தூங்கும். ஆச்சி கோயிலுக்குப் போனால் வாசலிலேயே படுத்துக் கிடக்கும்.

ஒருநாள் சாயங்காலம் ஆச்சி முத்துவைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"தம்பி, இது மூணு நாளா சோந்து சோந்து படுக்கு. ஒரு ஊசி போட்டு விடேன்யா."

"ஆச்சி, நான் மனுச டாக்டர்லா. இதுக்கு ஊசி போடக் கூடாது."

"எல்லாம் உசுருதானய்யா."

சரி, பார்க்கவாவது செய்வோம் என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நோயாளியின் கண் இமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா, அந்தப் பழக்கம். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூத்திரம் எப்படிப் போகுது என்று கேட்டேன். "கருப்பட்டிக் காப்பி மாதிரி போகுதுய்யா" என்றார்.

அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆட்டோ பிடித்து இரவோடு இரவாகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினேன். நானும் கூடப் போனேன்.

அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் சந்தேகப்பட்டது உண்ணிக் காய்ச்சலை. நம் ஊர் நாய்களுக்கு வெளுத்த ஈறும் கருத்த மூத்திரமும் வந்தால் உண்ணி பரப்பும் கிருமியை நினைப்பதுதான் நியாயம். ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்க எடுத்துக்கொண்டு போகும்போது, நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"ஆச்சி, முத்து என்ன சாப்பிடுவான்?"

ஆச்சி பெருமையாகச் சொன்னார். "நல்லாத்தான் கொடுப்பேன்மா. புழுவுக்கு நல்லதுன்னு தெனமும் அஞ்சாறு பல் பூண்டு தட்டி, நெய்ச் சோத்துல பிசைஞ்சு வைப்பேன். ஞாயித்துக்கிழமை கோழிக் குழம்பு. காரம் போகக் கறியைக் கழுவித்தான் போடுவேன்."

எத்தனை நாளாக என்று கேட்டார். ரெண்டு வாரத்துக்கு மேலேயே இருக்கும் என்றார்.

நுண்ணோக்கியில் கிருமி இல்லை. ஹெயின்ஸ் உருண்டைகள் இருந்தன.

இன்னொரு நாயிடமிருந்து ரத்தம் எடுத்து முத்துவுக்கு ஏற்றினார்கள். நாய்க்கு நாய் ரத்ததானம் உண்டு என்பதே ஆச்சிக்கு அன்றுதான் தெரியும். ரத்தம் கொடுத்த அந்தப் பெரிய நாட்டு நாயின் தலையை வருடிக்கொண்டே இருந்தார். முத்து பிழைத்துக்கொண்டான். ஈறு பழைய நிறத்துக்கு வர வாரங்கள் ஆயின.

திரும்பி வரும் வழியில் ஆச்சி கேட்டது ஒன்றுதான். "நான் ஆசையாக் கொடுத்ததுதானய்யா அதைக் கொல்லப் பாத்துச்சு?"

இதற்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் இல்லை. "ஆச்சி, பூண்டு நல்லதுன்னு உங்களுக்குச் சொன்னவங்க யாரும் அது யாருக்கு நல்லதுன்னு சொல்லல. அது உங்க தப்பில்ல" என்றேன். இந்த இழையை எழுதுவதும் அதற்காகத்தான். ஆசையாகக் கொடுக்கிறவர்கள் கையில் இந்தத் தகவல் இருக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பயமுறுத்த அல்ல, அளவு தெரிய.

உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே தடவையில் தின்ற விலங்குகளில் நச்சுப் பாதிப்பு தொடர்ந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அதாவது கிலோவுக்கு 5 கிராம். நாய்களில் தெளிவான ரத்த மாற்றங்கள் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரையிலான அளவில் பதிவாகியிருக்கின்றன. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராமே போதும்.

கவனமான கோட்டை, அந்த 0.5 சதவீதத்தை வைத்துப் பாருங்கள். 5 கிலோ பொமரேனியனுக்கு 25 கிராம். நாலைந்து சின்ன வெங்காயம். 10 கிலோ நாட்டு நாய்க்கு 50 கிராம். ஒரு சிறிய பெரிய வெங்காயம். 30 கிலோ லேப்ரடாருக்கு 150 கிராம். நாலு பேர் சாப்பிடும் கோழிக் குழம்பில் எத்தனை வெங்காயம் போடுகிறீர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பூண்டுக்கு ஜப்பானில் ஒரு ஆய்வு செய்தார்கள். 2000-இல் வெளியானது. கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாறு, நாளுக்கு ஒரு தடவை, ஏழு நாள். நாய்களின் சிவப்பணுக்கள் சேதமடைந்தது நுண்ணோக்கியில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் ஒரு பல் பூண்டு உள்ளே போனால் நாய் செத்துவிடாது. தினமும் கொடுப்பதுதான் ஆபத்து. முத்துவுக்கு நடந்தது அதுதான். பூண்டு தினமும், அதற்கு மேல் வெங்காயக் குழம்பு.

இதில் மூன்று விஷயங்கள் நம்மை ஏமாற்றும்.

முதலாவது, "வேக வச்சாச்சே". வேக வைத்தாலும், வதக்கினாலும், காய வைத்துப் பொடித்தாலும் இந்த நச்சு போகாது. பொடியில் அது செறிவாகவே இருக்கும். பூண்டுப் பொடி, சூப் பாக்கெட், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் கணக்கில் சேரும்.

இரண்டாவது, "கழுவித்தானே போட்டோம்". குழம்பில் வெந்த கறித்துண்டு மசாலாவை உறிஞ்சித்தான் வெந்திருக்கும். மேலே ஓடும் தண்ணீர் காரத்தைக் கொஞ்சம் குறைக்கும், உள்ளே போனதை எடுக்காது. நாய்க்குக் கொடுப்பதாக இருந்தால் மசாலா சேர்க்கும் முன்பே ரெண்டு துண்டைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். எலும்பை நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, "நேத்துக் கொடுத்தோம், ஒண்ணும் ஆகலையே". இதுதான் பெரிய ஏமாற்று. வெங்காயம் தின்ற அன்றைக்கு நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். மிஞ்சிப் போனால் ஒரு வாந்தி. அணுக்கள் உடைந்து ரத்தம் குறைந்து அது வெளியே தெரியப் பல நாள் ஆகும். அதற்குள் நாம் குழம்பையே மறந்திருப்போம். அதனால்தான் அந்த இளம் மருத்துவர் கேட்ட கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்தது. பரிசோதனைக்கூடம் சொல்லும் முன்பே பாதி நோயை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது.

இலை பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டு பேரை விட முடியாது. இருவரும் நம் சமையலறையின் செல்லங்கள்.

உலர் திராட்சை. பாயசம், கேசரி, பொங்கல். திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடியவை. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

புளி. ஆமாம், நம் புளிதான். திராட்சை ஏன் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ரொம்ப காலம் புரியாமலே இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். 2022-இல் வெளியான அவர்களின் அறிக்கையில், புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் இருந்தன. புளியின் புளிப்பே டார்டாரிக் அமிலம்தான். ஒரு வாய் ரசம் சாதத்துக்காக மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். ஆனால் ரசம் சாதம், சாம்பார் சாதம், வத்தக்குழம்பு இவற்றை நாயின் தினச் சாப்பாடாக வைக்காதீர்கள். புளி உருண்டை அதற்கு எட்டக் கூடாது.

அடுத்து எண்ணெய்.

இலைக்கும் அதிலிருந்து எடுக்கும் தைலத்துக்கும் இருக்கும் தூரம், பனைமரத்துக்கும் சாராயத்துக்கும் இருக்கும் தூரம். கூடை கூடையாக இலையை வடித்தால்தான் ஒரு சின்னக் குப்பி தைலம் கிடைக்கும். 1992-இல் அமெரிக்காவில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார்கள். பென்னிராயல் என்று புதினா இனத்திலேயே ஒரு செடி. அதன் எண்ணெயைத் தெள்ளுப்பூச்சிக்காக ஒரு நாயின் மேல் தடவினார்கள். கல்லீரல் செயலிழந்து நாய் இறந்துவிட்டது. உள்ளுக்குக் கூடக் கொடுக்கவில்லை, தோலில் தடவியதுதான். நாய் தன்னை நக்கிக்கொள்ளும் பிராணி என்பதையும் நினைவில் வையுங்கள். நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதையும் நாயின் மேல் தடவாதீர்கள். கற்பூரம் உள்ளே போனால் குழந்தைக்கும் வலிப்பு வரும், நாய்க்கும் வரும்.

இன்னொன்று. "தொட்டா சுடுது, காய்ச்சல்" என்று கஷாயம் வைப்பவர்கள் நிறைய. நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு ஆரோக்கியமான நாயும் சுடத்தான் செய்யும். கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது மனிதருக்கே நம்ப முடியாது, நாய்க்குச் சுத்தமாக முடியாது. இல்லாத காய்ச்சலுக்குக் கஷாயம் வேண்டாம். பிள்ளையின் காய்ச்சல் சிரப்பும் வேண்டாம். வலி மாத்திரை இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். அது நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

"நாய் தானாவே புல்லைத் தின்னுதே, அதுக்குத் தெரியாதா எது நல்லதுன்னு?" என்று கேட்பீர்கள். புல் தின்பது நாயின் சாதாரணப் பழக்கம். அதே நாய் செருப்பையும் தின்னும், சாக்லேட்டை உறையோடு முழுங்கும், எலி மருந்தையும் நக்கும். அதற்குத் தெரியும் என்று நம்பி நாம் சும்மா இருக்க முடியாது.

சரி, வெங்காயமோ பூண்டோ திராட்சையோ நிறையத் தின்றுவிட்டது. என்ன செய்வது?

நேரத்தைப் பாருங்கள். என்ன, எவ்வளவு, எப்போது, நாயின் எடை எவ்வளவு. இந்த நான்கையும் குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போனால் வாந்தி எடுக்க வைத்து வெளியேற்ற அவர்களால் முடியும்.

வீட்டில் நீங்களே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி மூளை பாதித்து அதனாலேயே நாய் சாகலாம். விரலை விட்டால் கடிதான் கிடைக்கும், அப்புறம் நீங்கள் என்னிடம் ஊசி போட வர வேண்டும். பால், மோர், எண்ணெய் எதுவும் முறிவு அல்ல. வெங்காய நச்சுக்கு முறிமருந்து என்று ஒன்று கிடையாது.

அடுத்த ஒரு வாரம் தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுப்பா, மஞ்சளா? மூத்திரம் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போகிறதா? சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? படியேறத் தயங்குகிறதா? ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. போனதும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், "இது இதைச் சாப்பிட்டுச்சு" என்று. வெட்கப்பட வேண்டாம். மறைத்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார், நேரம் போய்விடும்.

புழுவுக்கு என்ன செய்வது? எடைக்கேற்ற புழுநீக்க மாத்திரை இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அது நாய்க்கு மட்டும் நல்லதல்ல. நாயின் உருண்டைப் புழு முட்டைகள் மண் வழியாகக் குழந்தைகளின் வாய்க்குள் போனால் கண், கல்லீரல் வரை போய்ப் பாதிக்கும். நாய்க்குக் கொடுக்கும் மாத்திரை உங்கள் பேரக்குழந்தைக்கும் பாதுகாப்பு. பூண்டு இந்த வேலையைச் செய்யாது.

கடைசியாக மனிதர்களுக்கு.

இதே "இலைதானே" என்ற சொல்லை எங்கள் வெளிநோயாளிப் பிரிவிலும் கேட்கிறோம். சர்க்கரைக்கு ஒரு பொடி, மூட்டு வலிக்கு ஒரு லேகியம், கல்லுக்கு ஒரு சாறு. "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்ல டாக்டர்" என்பார்கள். ஏனென்றால் இலையை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்பு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் மருத்துவரிடம் போகும்போது அந்த இலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு வாய் இருக்கிறது, சொல்ல முடியும்.

நாய்க்கு அது இல்லை. வைத்ததைத் தின்றுவிட்டு வாலாட்டும். அதன் சார்பில் யோசிக்க வேண்டியது தட்டு வைக்கும் கைதான்.

இன்று ராத்திரி சமைக்கும்போது, தாளிக்கும் முன்பே அதன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வெறும் சோறு, மசாலா படாத வெந்த கறி அல்லது முட்டை. வாசனைக்கு ரெண்டு கொத்தமல்லி கிள்ளிப் போடுங்கள். அது போதும்.

தெரு நாய்க்குச் சோறு வைக்கும் நல்ல மனது உள்ளவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். குறிப்பாக வயதான அம்மாக்கள், ஆச்சிகள். அவர்கள் இந்த இழையைப் படிக்கப் போவதில்லை. நீங்கள் போய் வாய்வார்த்தையாகச் சொல்லுங்கள்.